கேம்பர் வேனுக்கு வீட்டிலேயே வெயில் மறைப்பு: கோலாலம்பூர் வெயிலுக்கு ஒரு வழிகாட்டி

வேனைக் கேம்பர் வேனாக, அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துப் பயணிக்கும் வண்டியாக, மாற்றத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் படுக்கைக்கும் அடுப்புக்கும்தான் முதலில் செலவழிக்கிறார்கள். வெயில் மறைப்பைப் பற்றிய நினைப்பு, ஒரு நண்பகலில் அந்தப் படுக்கையில் படுத்துப் பார்த்த பிறகுதான் வருகிறது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் வெள்ளி நிற மடிப்பு மறைப்புகள் கார்களுக்காகப் பொது அளவில் வெட்டப்பட்டவை. நிஸ்ஸான் வேனட், டொயோட்டா ஹையஸ் போன்ற வேன்களின் அகன்ற முன் கண்ணாடிக்கும் நீண்ட பக்கக் கண்ணாடிகளுக்கும் அவை பொருந்துவதில்லை. விலை உயர்ந்த பொருளை வாங்கி ஓரங்களில் விரலளவு இடைவெளி விடுவதைவிட, மலிவான பொருளைக் கண்ணாடியின் வடிவத்துக்கு மிகச் சரியாக வெட்டி மாட்டுவது அதிகப் பயன் தரும். ஹார்ட்வேர் கடை, துணிக்கடை, தையல் கடை என்று மாறி மாறி அலைந்து நான் தெரிந்துகொண்டதில் முதன்மையானது இதுதான். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி உங்களுக்கு மிச்சமாகும்.

1. எவ்வளவு குளிரும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வெயில் மறைப்பு குளிரூட்டி அல்ல. வெளியே 33 பாகை செல்சியஸ் இருக்கும்போது, நன்றாக மறைத்துக் காற்றுப் போக்கும் வைத்த வேன் அந்த 33 பாகையை ஒட்டி நிற்கும். அதற்குக் கீழே இறங்காது. மறைப்பு இல்லாத வேனோ, கதவை அடைத்த சிறிது நேரத்திலேயே அதைத் தாண்டி எங்கோ ஏறிவிடும். மறைப்பு நமக்கு மிச்சப்படுத்தித் தருவது இந்த வேறுபாட்டைத்தான்.

கண்ணாடி வெயிலைத் தாராளமாக உள்ளே விடுகிறது. அந்த வெயில் டேஷ்போர்டிலும் இருக்கையிலும் பட்டு வெப்பமாக மாறிய பிறகு, அந்த வெப்பக் கதிரை அதே கண்ணாடி வெளியே விடுவதில்லை. ஆகவே வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பது முதல் தரம். கண்ணாடியைக் கடந்த அந்த இடத்திலேயே, அது இன்னும் ஒளியாக இருக்கும்போதே, பளபளப்பான பரப்பால் திருப்பி அனுப்புவது இரண்டாம் தரம். உள்ளே கறுப்புத் திரை தொங்கவிடுவது மூன்றாம் தரம். அந்தத் திரையே சூடேறி, வாங்கிய வெப்பத்தை வேனுக்குள் விடத் தொடங்கும். வேனுக்குள் ஆள் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகக் கறுப்புத் துணியை வெளிப்புறம் பார்க்க வைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். இரவுக்கு அது சரி. பகலில் பளபளப்பான பக்கம்தான் வெளியே பார்க்க வேண்டும்.

2. சட்டமும் ஆவணமும்

வாகனம் நிற்கும்போது மாட்டி, கிளம்பும்போது கழற்றிவிடும் மறைப்புக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஓட்டும்போது முன் கண்ணாடியிலும் ஓட்டுநர் வரிசைப் பக்கக் கண்ணாடிகளிலும் எதுவும் இருக்கக் கூடாது. கழற்ற நேரமில்லை என்று பாதியைச் சுருட்டிவிட்டு ஓட்டுவது ஆபத்து. பக்கக் கண்ணாடி மறைந்தால் மோட்டார் சைக்கிள் வருவது தெரியாது.

மறைப்பைச் செய்யும் முன்பே டிண்ட் (கண்ணாடியில் ஒட்டும் கருநிறப் படலம்) ஒட்டும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். 8.5.2019 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, தனியார் வாகனங்களின் முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தையும், முன்வரிசைப் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கண்ணாடிகளுக்கு வரம்பு இல்லை. உங்கள் வேன் சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால், டிண்ட் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பின் கண்ணாடிகளுக்கு அடர்ந்த டிண்ட் ஒட்டிவிட்டால் மறைப்பே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. டிண்ட் வெப்பத்தின் ஒரு பகுதியைக் கண்ணாடியிலேயே பிடித்து வைக்கிறது. அந்தச் சூடான கண்ணாடிக்குப் பக்கத்தில் படுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இருக்கைகளைக் கழற்றுவது, கட்டிலை வாகனத்தோடு சேர்த்து நிலையாகப் பொருத்துவது, காற்றாடிக்காகக் கூரையை வெட்டுவது போன்ற வேலைகள் வேறு வகை. அவை வாகனத்தின் அமைப்பை மாற்றுபவை. அவற்றைத் தொடங்கும் முன் கிரான் (வாகனப் பதிவு ஆவணம்), அடையாள அட்டை, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களோடு ஜேபிஜேயில் விசாரித்து, என்ன அனுமதியும் பரிசோதனையும் தேவை என்று கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இந்தக் கட்டுரை கழற்றி மாட்டும் மறைப்போடு நின்றுகொள்கிறது.

3. எந்தக் கண்ணாடியில் தொடங்குவது

எல்லாக் கண்ணாடிகளையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும் என்று கிளம்புபவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதலில் முன் கண்ணாடி. அது பெரியது, சாய்ந்தது, ஆகவே காலை முதல் மாலை வரை ஏதோ ஒரு கோணத்தில் வெயிலை வாங்கும். அடுத்து ஓட்டுநர் வரிசைப் பக்கக் கண்ணாடிகள். பக்கக் கண்ணாடிகளில் டிண்ட் குறைவாக இருப்பது அங்கேதான். பிறகு படுக்கைப் பக்கக் கண்ணாடிகள், கடைசியாகப் பின் கதவு.

4. எதை வாங்குவது, எங்கே வாங்குவது

வீடுகளின் துத்தநாகக் கூரைக்கும் ஓட்டுக்கும் அடியில் விரிக்கும் இரட்டைப் பக்க பப்பிள் ஃபாயில்தான் இந்த வேலைக்கு ஏற்றது. நடுவில் காற்றுக் குமிழ்களும் இரு பக்கமும் வெள்ளிப் பளபளப்பும் இருக்கும். ஹார்ட்வேர் கடைகளில் இது ஏறத்தாழ 1.2 மீட்டர் அகலச் சுருளாக வருகிறது. சிக்கல் என்னவென்றால், பல கடைகள் முழுச் சுருளாகத்தான் விற்பார்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடை உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இல்லையென்றால் இணையக் கடைகளில் வாங்கலாம், அல்லது வேன் வைத்திருக்கும் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு சுருளைப் பகிர்ந்துகொள்ளலாம். வேனட் அளவு வேனுக்கு 5 அல்லது 6 மீட்டர் போதும். ஹையஸ் போன்ற நீண்ட வேனுக்கு 8 மீட்டர் வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு மூலையைக் கையில் எடுத்துப் பலமுறை மடித்து நிமிர்த்திப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டிய வகை மடிப்பில் கீறல் விடும். உலோகப் பூச்சுப் பிளாஸ்டிக் மேற்பரப்பு கொண்ட வகை வளைந்து கொடுக்கும். கூரைக்கு இரண்டும் ஒன்றுதான். தினமும் சுருட்டி விரிக்கும் நமக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெள்ளியும் மறு பக்கம் வெள்ளை நெய்தலுமாக உள்ளதைச் சற்று மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதையும் பயன்படுத்தலாம், ஆனால் பளபளக்கும் பக்கம் எப்போதும் வெளியே இருக்குமாறு கவனமாக வெட்ட வேண்டும்.

உட்பக்கம் ஒட்டுத் துணி வைப்பது உங்கள் விருப்பம். துணி வைத்தால் வேனுக்குள் பார்வைக்கு இதமாக இருக்கும், இரவில் வெளிச்சம் வெளியே கசியாது. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் உள்ள துணிக்கடைகளில் வெளிச்சம் புகாத திரைச்சீலைத் துணியின் துண்டு மீதிகளைக் கேட்டால் பாதி விலைக்குக் கிடைக்கும். பினாங்கில் இருப்பவர்கள் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவைச் சுற்றிய துணிக்கடைகளில் இதையே கேட்கலாம். காந்தம், ஓர நாடா, கத்தி போன்றவற்றுக்கு மிஸ்டர் டிஐஒய் கடையே போதும்.

செலவைப் பற்றி: நான் விசாரித்த கடைகளில் பப்பிள் ஃபாயில் ஒரு மீட்டர் ஏறத்தாழ 6 முதல் 10 ரிங்கிட் வரை இருந்தது. காந்தம், நாடா, துணி, தையல் கூலி எல்லாம் சேர்த்துச் சிறிய வேனுக்கு 200 முதல் 300 ரிங்கிட்டுக்குள் அடக்கிவிடலாம். தையலை நீங்களே செய்தால் அதில் பாதி போதும். உங்கள் மதிப்பீடு 500 ரிங்கிட்டைத் தாண்டினால், தேவையில்லாத ஏதோ ஒன்று பட்டியலில் நுழைந்திருக்கிறது என்று பொருள்.

5. மாதிரித் தாள் எடுப்பது

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அளவுநாடாவால் நீளமும் அகலமும் எடுத்து அப்படியே ஃபாயிலில் வெட்டக் கூடாது. வேன் கண்ணாடிகளில் நேர்கோடு என்று ஒன்று இல்லை. மூலைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு வளைவு கொண்டவை.

புத்தகக் கடையில் மாஜோங் பேப்பர் வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் குழு வேலைக்கு விரிக்கும் அதே பெரிய தாள்தான். சில்லறை விலையில் தாள் தாளாகக் கிடைக்கும். நாளிதழையும் ஒட்டிப் பயன்படுத்தலாம், ஆனால் கண்ணாடியின் ஈரத்தில் அது தொய்ந்து அளவு மாறிவிடும்.

காலை எட்டு மணிக்கு முன்போ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ தொடங்குங்கள். நண்பகலில் வேனுக்குள் உட்கார்ந்து இதைச் செய்யவும் முடியாது. அப்போது ஒட்டும் நாடா சூட்டில் வழுக்கித் தாள் நகரவும் செய்யும்.

கண்ணாடியைவிடச் சற்றுப் பெரிய தாளை உட்பக்கமாக வைத்து, முதலில் மேல் விளிம்பின் நடுவில் ஒட்டி, அங்கிருந்து இரு பக்கமும் நீவிக்கொண்டே போய் மூலைகளை ஒட்டுங்கள். பிறகு கண்ணாடியும் ரப்பரும் சந்திக்கும் பள்ளத்தில் தாளை நகத்தால் அழுத்தி மடிப்பு விழச் செய்யுங்கள். அந்த மடிப்பின் மேல் பிள்ளைகளின் கிரேயானைப் படுக்க வைத்து மெல்லத் தேய்த்தால், ரப்பர் விளிம்பு ஒரு கோடாகத் தாளில் தானே பதிந்துவிடும். பேனாவால் வரைந்தால் கை நடுங்கும் இடத்திலெல்லாம் கோடு பிசகும். கிரேயான் அந்தப் பிசகுக்கு இடம் தராது. நகரும் கண்ணாடியின் கைப்பிடி, பின்புறம் பார்க்கும் கண்ணாடியின் தண்டு, டேஷ்கேம் ஆகியவற்றை மறக்காமல் குறியுங்கள். முன் கண்ணாடியில் சுங்கச்சாவடிக்கான ஆர்எஃப்ஐடி வில்லை ஒட்டியிருந்தால் அதன் இடத்தையும் குறியுங்கள். அதை உரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். உரித்தால் அது கெட்டுவிடும்.

முன் கண்ணாடிக்கு இரண்டு பேர் வேண்டும். தாள் எட்டவில்லை என்றால் இரண்டு தாள்களை இரு முனையிலிருந்தும் தனித்தனியே ஒட்டி வந்து, நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் சேர்த்து ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு அந்த இடத்தை விரிக்கவோ நகர்த்தவோ கூடாது.

கோட்டின் மேல் வெட்டியெடுத்த தாளை அதே கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். குறையும் இடத்தில் தாள் துண்டு ஒட்டி நீட்டுங்கள், மிஞ்சும் இடத்தில் வெட்டுங்கள். இதைச் சலிக்காமல் செய்யுங்கள். ஒரு தாள் வீணானால் சில சென் போகும், ஃபாயில் வீணானால் அதே அளவுத் துண்டை மறுபடி வாங்க வேண்டும். தாள் சரியாகப் பொருந்திய கணத்தில், அது கண்ணாடியில் இருக்கும்போதே, ‘மேல்’, ‘உள்’, ‘முன் இடம்’, ‘முன் வலம்’ என்று எழுதிவிடுங்கள். இடப் பக்கத் தாளைக் கவிழ்த்து வைத்தால் வலப் பக்கத்துக்கு ஆகிவிடும் என்பது பாதி உண்மை. நகரும் கண்ணாடிகளின் கைப்பிடியும் தடுப்புச் சட்டமும் இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித் தாள் எடுப்பதே பாதுகாப்பு.

6. வெட்டுவதும் தைப்பதும்

மாதிரித் தாளை ஃபாயிலின் மேல் விரித்து, சுற்றிலும் 1 சென்டிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். அந்தக் கூடுதல் அளவுதான் மறைப்பைச் சட்டத்துக்குள் இறுக்கிப் பிடிக்கும். கத்தரிக்கோல் குமிழ்களை நசுக்கி ஓரத்தைக் கோணலாக்கும். இரும்பு அளவுகோலை வைத்துப் புதிய கத்தி அலகால் ஒரே இழுப்பில் வெட்டுவது நல்லது. வெட்டிய துண்டை மூடாத ஓரங்களோடு அப்படியே ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். எங்கே வளைகிறது, எங்கே முட்டுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். திருத்த வேண்டியதைத் தைக்கும் முன்பு திருத்துவதே எளிது.

ஓரத்தைச் சாம்பல் நிறத் துணி டேப்பால் மூடுவது எளிய வழி, ஆனால் நம் வெயிலில் அதன் பசை உருகி வெளியே வழியும், தொட்ட இடமெல்லாம் ஒட்டும். அலுமினிய டேப்போ மடிப்பில் வெடித்து விரலைக் கீறும். துணி ஓர நாடாவைத் தைப்பதுதான் நிலைக்கும். குண்டூசி குத்தாமல், துணி உலர்த்தும் கிளிப்புகளால் நாடாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். குத்திய ஒவ்வொரு துளையும் பிறகு கிழிசலாக வளரும். தடித்த ஊசி, நீண்ட தையல், மெதுவான ஓட்டம்.

வீட்டில் தையல் மெஷின் இல்லாதவர்கள் தையல் கடைக்குத்தான் போக வேண்டும். துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்த பிரிக்பீல்ட்ஸ் தையல்கார அக்கா ஒருவர், “தம்பி, இது துணி மாதிரி ஓடாது, மெஷின் கால்ல ஒட்டிக்கும். பட்டர் பேப்பர் ஒரு சுருள் வாங்கிட்டு வாங்க, தச்சித் தரேன்” என்றார். கேக் தட்டில் விரிக்கும் அந்தத் தாளை ஃபாயிலுக்கு மேலே வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிட்டால் தையல் வழுக்கிக்கொண்டு போகிறது. நீங்களே தைத்தாலும் இதைச் செய்யுங்கள்.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸிலும் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவிலும் எந்தத் தையல் கடையும் இதைத் தொடாது. ரவிக்கையும் பாஜு மெலாயுவும் குவிந்து கிடக்கும் கடையில் வெள்ளித் தாளை நீட்டினால் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கார் குஷன் கடைகளைக் கேட்கலாம். அவர்களிடம் தடித்த பொருளைத் தைக்கும் மெஷின் இருக்கிறது; கூலி மட்டும் கூடுதலாகும். எங்கே கொடுத்தாலும் மாதிரித் தாளையும் உடன் கொடுத்து, தைத்து முடிந்த அளவு அந்தத் தாளைவிடச் சிறியதாக வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். தையல் ஓரத்தை உள்ளே இழுக்கும் என்பதால் இதைச் சொல்லாவிட்டால் சுற்றிலும் இடைவெளியோடுதான் திரும்பி வரும்.

7. எதைக் கொண்டு பிடிக்க வைப்பது

பலரும் பணத்தை வீணாக்குவது இங்கேதான். சக்‌ஷன் கப் முதல் தேர்வாகத் தோன்றும். மலிவு, கண்ணாடியில் ஒட்டும், கழற்றவும் எளிது. ஆனால் ரப்பர் சூட்டில் இளகிப் பிடியை விடும், நடுப்பகலில் மறைப்பு தொப்பென்று விழும். டிண்ட் ஒட்டிய கண்ணாடியில் வட்ட வட்டமாகத் தடம் பதிக்கும், இழுத்தால் டிண்ட்டையே உரிக்கும். பின் கண்ணாடியில் பனி நீக்கும் கம்பிக் கோடுகள் இருந்தால் அங்கே அதை வைக்கவே கூடாது. வெல்க்ரோவின் ஒட்டுப் பசைக்கும் இதே கதிதான். தைத்த வெல்க்ரோ மட்டும் நிற்கும்.

கண்ணாடி சட்டத்துக்குள் ஆழமாக அமர்ந்திருந்தால் இறுக்கமே போதும், வேறொன்றும் வேண்டாம். சட்டம் ஆழமில்லாத கண்ணாடிகளுக்குக் காந்தம் நல்லது. அதை வாங்கும் முன், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துவந்து, கண்ணாடியைச் சுற்றி ஒவ்வோர் அங்குலமாகத் தொட்டுப் பாருங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் பிடிக்கும், பிளாஸ்டிக் பலகை மூடிய இடத்தில் நழுவும். பிடித்த இடங்களை மாதிரித் தாளில் குறித்து, அந்த இடங்களில் மட்டும் ஓர நாடாவுக்குள் சிறு பை போலத் தைத்து நியோடிமியம் காந்தங்களைப் போடுங்கள். பிளாஸ்டிக் மட்டுமே உள்ள பக்கத்தில், மெல்லிய இரும்பு வாஷர்களை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி அதற்கு எதிரே காந்தம் வைக்கலாம். அந்த டேப் வாகனங்களுக்கென்று விற்கும் வகையாக இருக்கட்டும். காந்தத்தைத் துணிக்கு வெளியே விட்டால் வேனின் சாயத்தைக் கீறும். போர்ட்டிக்சனிலும் பத்து ஃபிரிங்கியிலும் கடற்காற்றில் அது துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறை விடும் என்பதால், பைக்குள் போடும் முன் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் டேப்பால் சுற்றிவிடுங்கள்.

முன் கண்ணாடி மறைப்புக்குத் தனிப் பிடிமானம் தேவையில்லை. இரண்டு வெயில் தடுப்புத் தகடுகளையும் கீழே இறக்கினால் அவையே பிடித்துக்கொள்ளும்.

8. முன் கண்ணாடிக்கு வெளியே ஒன்று

ஒரே இடத்தில் பகல் முழுவதும் நிறுத்துபவர்களுக்கு வெளி மறைப்பு உள் மறைப்பைவிடப் பெரும் பயன் தரும். வெள்ளிப் பூச்சுள்ள குடைத் துணியையோ தார்ப்பாயையோ முன் கண்ணாடியைவிட இரு பக்கமும் ஒரு முழம் நீளமாக வெட்டி, அந்த நீட்டங்களை முன் கதவுகளுக்குள் மடக்கிக் கதவைச் சாத்தினால் திருடவும் முடியாது, பறக்கவும் பறக்காது. பழைய விளம்பரப் பேனரைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். செலவில்லை என்பது உண்மைதான், ஆனால் அது கனமானது, மழையில் நாற்றமடிக்கும்.

நம் ஊரில் இதற்கு ஒரு பொறி உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். கதவிடுக்கில் மடங்கிய துணி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மழைநீரை இழுத்து இருக்கையில் சொட்டவிடும். நீட்டம் முழுவதையும் துணியாக விடாமல், கதவு ரப்பரைக் கடக்கும் இடத்தில் இரண்டு தட்டை நைலான் பட்டைகளை மட்டும் வைத்துத் தைத்தால் கசிவு பெருமளவு குறையும். பட்டை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டால் வெளியிலிருந்து இழுத்தாலும் வராது. முன் கண்ணாடியில் கல் பட்ட கீறல் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே பளபளப்பான உள் மறைப்பை மாட்டுங்கள். கண்ணாடி கூடுதலாகச் சூடேறுவதால் கீறல் நீளக்கூடும்.

9. காற்றுக்கு வழி

எல்லாக் கண்ணாடிகளையும் கச்சிதமாக அடைத்துவிட்டுக் கதவையும் சாத்தினால், கூரைத் தகடு வழியே இறங்கும் வெப்பம் வெளியேற இடமில்லாமல் போகும். மறைப்பு செய்த பிறகும் வேன் வேகிறது என்று குறைப்படுபவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் விட்டிருக்கிறார்கள்.

முன் கதவுகளில் ஏர் பிரஸ் (கண்ணாடிக்கு மேலே மழையைத் தடுக்கும் பிளாஸ்டிக் விளிம்பு) பொருத்தியிருந்தால் மழையிலும் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைக்கலாம். பொருத்தாவிட்டால் முதலில் அதைப் பொருத்துங்கள். படுக்கைப் பக்கம் நகரும் கண்ணாடிகளில் ஒன்றுக்கு, ஃபாயில் மறைப்போடு கூட அதே மாதிரித் தாளில் கொசு வலை மறைப்பு ஒன்றையும் தைத்துக்கொள்ளுங்கள். டிங்கி கொசு காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும்தான் அதிகம் கடிக்கிறது. நாம் கண்ணாடியைத் திறக்க விரும்பும் நேரமும் அதுவே. பூடு ஜாலான் பாசார் மின்பொருள் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் சிறு காற்றாடியை, நிழல் விழும் பக்கக் கண்ணாடி காற்றை உள்ளே விட, எதிர்ப்பக்கக் கண்ணாடி வழியே சூட்டை வெளியே தள்ளுமாறு வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். ஃபாயில் கைப்பேசி அலையையும் தடுக்கும். அழைப்பு வராவிட்டால் குற்றம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேல் இல்லாமலும் இருக்கலாம். ஒரு மறைப்பைக் கழற்றிப் பாருங்கள்.

பப்பிள் ஃபாயில் பிளாஸ்டிக்தான், தீப்பிடிக்கும். வேனுக்குள் அடுப்பு மூட்டும்போது பக்கத்துக் கண்ணாடியின் மறைப்பைக் கழற்றிவிடுங்கள். பியூட்டேன் குப்பிகளில் 50 பாகைக்கு மேல் சூடேற விடக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். மறைப்பு இருக்கிறதே என்று அவற்றையோ பவர் பேங்கையோ வெயிலில் நிற்கும் வேனில் விட்டுச் செல்லாதீர்கள். குழந்தையையும் வளர்ப்புப் பிராணியையும் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

10. எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது

செலவில்லாத படி இது. நம் நாட்டில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பிற்பகல் ஏறத்தாழ 1.15 மணிக்கு. அந்த நேரத்து வெயில் கூரையில் விழுகிறது. பக்கக் கண்ணாடிகளைச் சுடுவது காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயில்தான். வேனின் நீளம் கிழக்கு மேற்காக இருக்குமாறு நிறுத்தினால் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், தாழ்ந்த வெயில் அவற்றின் மேல் சாய்ந்தே விழும். காலையில் நேரம் கழித்து எழுபவர்கள் வேனின் முகம் மேற்கைப் பார்க்க நிறுத்தினால், காலை வெயில் சிறிய பின் கண்ணாடியில்தான் படும். மாலையில் படுக்க நினைப்பவர்கள் முகத்தைக் கிழக்கே திருப்புங்கள். மரநிழல் கிடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, முட்பழம் தலைக்கு மேல் விழும் டுரியான் மரமாக இல்லாதவரை.

மறைப்பை வேன் சூடேறும் முன்பே மாட்ட வேண்டும். ஏற்கெனவே சூடேறிவிட்டால் கதவுகளைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றிய பிறகு மாட்டுங்கள்.

11. வைப்பதும் பேணுவதும்

மறைப்புகளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். கண்ணாடியைப் பார்க்கும் பளபளப்பான பக்கம் உட்புறமாகச் சுருட்டினால், விரிக்கும்போது ஓரங்கள் கண்ணாடிப் பக்கமாக வளைந்து நன்கு படியும். ஒவ்வொன்றிலும் இடம், வலம், மேல் என்று அழியாத மையால் எழுதுங்கள். இருட்டில் மழையோடு மாட்டும்போது அந்த எழுத்தின் அருமை புரியும். எல்லாவற்றையும் போட ஒரு நீண்ட துணிப்பை தைத்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கவிட்டால் படுக்கையில் இடம் பிடிக்காது.

கேமரன் மலை போன்ற இடங்களில் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கும்போது, நம் மூச்சு ஈரம் மறைப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீராகப் படியும். காலையில் கழற்றியவுடன் சுருட்டிவிடாதீர்கள். பழைய துண்டால் இரு பக்கமும் துடைத்து, வெயிலில் காட்டி, துணி ஓரம் காய்ந்த பிறகு சுருட்டுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் ஒட்டுத் துணியில் சில நாளிலேயே கரும்புள்ளியாகப் பூஞ்சணம் படரும். வினிகர் கலந்த நீரால் துடைத்தால் தொடக்கத்தில் போகும். ஊறிவிட்டால் துணியைப் பிரித்து மாற்றத்தான் வேண்டும். அப்போது கைகொடுப்பவை மாதிரித் தாள்கள் என்பதால், அவற்றை எறியாமல் சுருட்டி வீட்டு அலமாரிக்கு மேலே போட்டுவையுங்கள்.